இடுப்பு மூட்டு வலியோடு ஏழாம் மாதம்: மீண்டும் சேணத்தில் ஏற முடியுமா?

செம்பியின்தோழி | பிப்ரவரி 11, இரவு 11.40

எனக்கு இது 29ஆவது வாரம். முதல் குழந்தை. கோவைக்கு வெளியே ஒரு லாயத்தில் எட்டு ஆண்டுகளாகக் குதிரையேறி வருகிறேன். கர்ப்பம் உறுதியான வாரமே ஏறுவதை நிறுத்திவிட்டேன். அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

மூன்று வாரமாக, அடிவயிற்றுக்குக் கீழே முன்பக்கம் எலும்பு சேரும் இடத்தில் ஆப்பு வைத்து அடிப்பதுபோல் வலிக்கிறது. படுக்கையில் புரண்டால் உள்ளே 'கிளுக்' என்று சத்தம் கேட்கிறது. ஒற்றைக் காலில் நின்று சுடிதாருக்குள் காலை விட முடியவில்லை. நேற்று மாடிப்படி நடுவில் கைப்பிடியைப் பிடித்தபடி நின்று அழுதுவிட்டேன். மருத்துவரிடம் சொன்னேன். "எல்லோருக்கும் வருவதுதான், பிறந்ததும் போய்விடும்" என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். மாமியார் படுத்தே இருக்கச் சொல்கிறார். படுத்தால் புரள வேண்டியிருக்கிறது, புரளும்போதுதான் உயிர் போகிறது.

செம்பி பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற பெண்குதிரை. பார்க்கப் போனால் என் தோளில் தாடையை வைத்துக்கொள்கிறாள். அவள் முதுகின் இரு புறமும் கால் போட்டு உட்காரும் நாள் இனி வருமா என்று நினைத்தாலே தொண்டை அடைக்கிறது. மிச்சமிருக்கும் பதினொரு வாரத்தை எப்படிக் கடப்பது? அதன் பிறகு என்ன செய்வது? அனுபவப்பட்டவர்கள் எழுதுங்கள்.

மூன்றுபிள்ளைத்தாய் | பிப்ரவரி 12, காலை 6.05

அம்மா, உன் மாமியார் சொல்வதில் தவறில்லை. எனக்கும் இரண்டாவது பிள்ளைக்கு இந்த வலி வந்தது. அந்தக் காலத்தில் பெயரெல்லாம் தெரியாது, 'இடுப்பு விட்டுப்போச்சு' என்பார்கள். ஓய்வெடு, வெந்நீர் ஊற்று, கனம் தூக்காதே. குதிரையைப் பற்றி இப்போது ஏன் நினைக்கிறாய்? முதலில் பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும்.

இயன்முறை_மதுரை | பிப்ரவரி 12, காலை 9.30

நான் பிசியோதெரபிஸ்ட். பேறுகாலப் பெண்களைப் பதினைந்து ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் சொல்வது இடுப்பு வளைய வலியின் அடையாளங்களோடு அப்படியே பொருந்துகிறது. முன்பு முன் மூட்டின் பெயரை வைத்து எஸ்.பி.டி. என்று எழுதுவார்கள். பின்னால் இருக்கும் இரண்டு மூட்டுகளும் இதில் சேர்ந்தே பாதிக்கப்படுவதால் இப்போது பி.ஜி.பி. என்கிறோம். கர்ப்பிணிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வருகிறது. அவ்வளவு பேருக்கு வருகிறது என்பதற்காகச் சகித்துக்கொண்டுதான் ஆகவேண்டும் என்பதில்லை. கர்ப்பத்தின்போதே சிகிச்சை செய்து குறைக்கக்கூடிய வலி இது.

எலும்பு விலகிப் பிளந்துவிட்டதோ என்று பயப்படாதீர்கள். முன் மூட்டில் எல்லோருக்கும் 4, 5 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. கர்ப்பத்தில் இன்னும் 2, 3 மில்லிமீட்டர் கூடுவது இயல்பு. 10 மில்லிமீட்டரைத் தாண்டினால்தான் மூட்டு விலகல் என்போம், அது அரிது. இடைவெளி ஒரே அளவாக இருக்கும் இருவரில் ஒருத்திக்கு வலியே இருக்காது, இன்னொருத்தியால் நடக்கவே முடியாது. வளையத்தின் இடமும் வலமும் சமமாக அசையாமல், சுற்றியிருக்கும் தசைகள் பாரத்தைப் பங்கிட முடியாமல் போவதால்தான் பெரும்பாலும் வலிக்கிறது. தசையைப் பழக்கலாம், அசைவை மாற்றலாம். அதனால்தான் முழுநேரப் படுக்கையை நான் சொல்வதில்லை. மூத்தவர் சொல்லும் ஓய்வு தேவைதான், ஆனால் பகலில் துண்டுதுண்டாக. நாள் முழுவதும் படுத்தால் தசை இன்னும் தளரும்.

இன்றே மாற்றக்கூடியவை: கால்களை அகட்டும் அசைவும் ஒற்றைக் காலில் பாரம் விழும் அசைவும் கூடாது. நம் வீடுகளில் இவை எங்கெங்கே ஒளிந்திருக்கின்றன என்று பாருங்கள். சம்மணமிட்டுத் தரையில் உட்கார்வது, இந்தியக் கழிப்பறையில் குந்துவது, ஒரு பக்க இடுப்பில் குடத்தையோ மூத்த குழந்தையையோ வைப்பது, ஸ்கூட்டரில் காலைத் தூக்கிப் போடுவது, புடவைக்குக் கொசுவம் வைக்கும்போது ஒரு காலில் சாய்ந்து நிற்பது. உடை மாற்றுவதைக் கட்டிலில் உட்கார்ந்து செய்யுங்கள். படியில் வலி குறைந்த காலை முதலில் மேலே வைத்து, மற்றதை அதே படிக்குக் கொண்டுவாருங்கள். இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். காரில் முதலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, பிறகு இரண்டு முழங்காலையும் ஒட்டியபடி உள்ளே திருப்புங்கள். இருக்கையில் ஒரு பாலித்தீன் பையை விரித்தால் வழுக்கிக்கொண்டு திரும்பும்.

இரவில் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தாங்குகிற மாதிரி நீளமான தலையணை வையுங்கள். புரளும்போது முழங்கால்களை ஒட்டி, அடிவயிற்றை மெல்ல உள்ளிழுத்து, மூச்சை விட்டபடி தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்ப வேண்டும். இதை மட்டும் சரியாகக் கற்றுக்கொண்டு வந்து நன்றி சொன்னவர்கள் நிறையப் பேர்.

இடுப்பு பெல்ட் சிலருக்கு நன்றாக உதவும். அதை வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பைச் சுற்றிக் கட்ட வேண்டும். மாத்திரை என்றால் மருத்துவரிடம் கேட்டுப் பாராசிட்டமால். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகைகளை, குறிப்பாக 20 வாரத்துக்குப் பிறகு, தானாக வாங்கிப் போடாதீர்கள். தடவும் களிம்புகள் பலவற்றிலும் அதே மருந்து இருக்கிறது, அட்டையைப் படியுங்கள்.

கடைசியாக ஒன்று. இரத்தப்போக்கு, நீர் கசிவு, காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், விட்டுவிட்டு இறுகும் வலி, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், சிறுநீர் வராமல் போதல் - இவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அவை இந்த வலியின் கணக்கில் சேராதவை.

செம்பியின்தோழி | பிப்ரவரி 12, மதியம் 1.15

அக்கா, கண்ணீரோடு படித்தேன். கொசுவம் வைக்கும்போது வலிப்பதை நீங்கள் எப்படிச் சரியாகச் சொன்னீர்கள்! இந்த மூன்று வாரத்தில் 'இது உண்மையான வலி' என்று எனக்குச் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான். பாலித்தீன் பையை இப்போதே காரில் போட்டுவிட்டேன்.

அம்மா, நீங்கள் சொன்னதற்கும் நன்றி. குதிரையை நினைப்பது பிள்ளையை மறப்பதாகாது என்று மட்டும் நம்புங்கள்.

பெங்களூரு_சவாரி | பிப்ரவரி 12, இரவு 8.50

ஒரு மாற்றுக் கருத்து. ஏறுவதை அவ்வளவு சீக்கிரம் நிறுத்த வேண்டுமா என்ன? 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் நெதர்லாந்தின் ஆங்கி வான் க்ருன்ஸ்வென் கர்ப்பமாக இருக்கும்போதே டிரெசாஜ் என்ற குதிரை நடை அழகுப் போட்டியில் தங்கம் வென்றார். அதே ஆண்டு நவம்பரில் குழந்தை பிறந்தது. உடலுக்குப் பழகிய அசைவு கெடுதல் செய்யாது என்றே நினைக்கிறேன். நானும் ஐந்தாம் மாதம் வரை நடையில் மட்டும் ஏறினேன்.

இயன்முறை_மதுரை | பிப்ரவரி 13, காலை 7.20

அசைவைப் பற்றி எனக்குப் பயமில்லை. விழுவதைப் பற்றித்தான் பயம். முதல் 12 வாரம் வரை கருப்பை இடுப்பெலும்புக்குள் பாதுகாப்பாக இருக்கும். பிறகு மேலே எழும்பிவிடும், எலும்புக் கவசம் இருக்காது. அடிபட்டால் நச்சுக்கொடி பிரியும் ஆபத்து உண்டு. உலகத்திலேயே சாதுவான குதிரையும் பாம்பைக் கண்டால், பட்டாசுச் சத்தம் கேட்டால் மிரளும். ஒலிம்பிக் வீராங்கனையின் முடிவு அவருடையது, அவரைச் சுற்றி மருத்துவக் குழு இருந்திருக்கும். இழை தொடங்கியவர் நிறுத்தியது சரியான முடிவு. அதிலும் இடுப்பு வளைய வலி இருக்கும்போது தொடைகளை அகட்டி உட்கார்வது காயத்தில் குத்துவது மாதிரி.

பெங்களூரு_சவாரி | பிப்ரவரி 13, காலை 10.02

விழும் ஆபத்தை மறுக்கவில்லை. ஆனாலும் அது அந்தந்தப் பெண்ணும் அவளுடைய மருத்துவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு என்பதில் நான் மாறவில்லை. வலி இருக்கும்போது ஏறக்கூடாது என்பதை முழுவதும் ஒப்புக்கொள்கிறேன்.

யாழ்_லெஸ்டர் | பிப்ரவரி 13, மாலை 5.45

இங்கிலாந்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு மூத்த மகள் வயிற்றில் இருந்தபோது 24ஆம் வாரம் முதல் இதே வலி. கடைசி மாதம் ஊன்றுகோலோடுதான் நடந்தேன். இப்போது மகளுக்கு ஐந்து வயது. நான் வாரத்தில் மூன்று நாள் குதிரையேறுகிறேன். இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

லாயத்துக்குப் போவதாக எழுதியிருக்கிறீர்கள், தங்கச்சி. போங்கள், ஆனால் வேலை செய்யாதீர்கள். சவாரியை விட்டுவிட்டேனே, சாணமாவது அள்ளலாம் என்று நான் போனேன். மண்வெட்டியோடு இடுப்பைத் திருப்பி வீசுவதுதான் இந்த மூட்டுக்கு ஆகவே ஆகாத அசைவு. ஒரு கையில் தண்ணீர் வாளி, குனிந்து குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்வது, வைக்கோல் கட்டை முழங்காலால் தள்ளுவது, எல்லாவற்றையும் செய்தேன். மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. அதன் பிறகு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கழுத்தை மட்டும் தேய்த்துவிடுவேன். அதுவே போதுமாக இருந்தது.

பிரசவத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். வலியில்லாமல் முழங்கால்கள் எவ்வளவு அகலும் என்று இப்போதே அளந்து வையுங்கள். நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து மெல்ல அகட்டி, வலி தொடங்குமுன் நிறுத்தி, இடைவெளியைத் துணைவர் நாடாவால் அளக்க வேண்டும். எனக்கு 31 சென்டிமீட்டர். அதைக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தோம். முதுகுத்தண்டில் மருந்து ஏற்றினால் வலி தெரியாது, அப்போது யாராவது கால்களை அந்த அளவைத் தாண்டி விரித்தாலும் உங்களுக்குத் தெரியாமல் போகும். அதற்குத்தான் அளவு. நான் இடப்பக்கம் சாய்ந்து படுத்தபடி பெற்றேன். கை, முழங்கால் ஊன்றியும் பெறலாம். கால்களைத் தூக்கிக் கட்டிப் போடுவதைத் தவிர்க்க முடியுமா என்று மருத்துவரிடம் முன்னாலேயே பேசுங்கள். கட்டாயம் என்றால் இரண்டு காலையும் ஒரே நேரத்தில் தூக்கி, ஒரே நேரத்தில் இறக்கச் சொல்லுங்கள். இந்த வலிக்காக மட்டும் சிசேரியன் வேண்டியதில்லை என்றுதான் எங்கள் மருத்துவிச்சியும் சொன்னார்.

கணவன்_திருப்பூர் | பிப்ரவரி 14, காலை 6.30

என் மனைவிக்கு 33 வாரம், இதே வலி. குதிரைக்கும் எங்களுக்கும் தொடர்பில்லை, தேடியபோது இந்த இழை கிடைத்தது. இரவு அவள் எழும்போது கையைப் பிடித்து இழுத்துத் தூக்கிவிடுவேன், அது தவறா?

இயன்முறை_மதுரை | பிப்ரவரி 14, காலை 7.00

தம்பி, இழுக்காதீர்கள். அவர் ஒருக்களித்து, முழங்கால்களை ஒட்டி, இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிலுக்குக் கீழே இறக்கட்டும். கையை ஊன்றி அவரே எழட்டும். நீங்கள் முதுகுக்குப் பின்னால் கை கொடுத்தால் போதும். காலையில் அவர் உடுத்த வேண்டியதை இடுப்பு உயரத்தில் எடுத்து வையுங்கள். கேட்டது நல்லது.

செம்பியின்தோழி | மார்ச் 20, மாலை 4.10

34 வாரம். எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று வந்தேன். இங்கேயே ஒரு பிசியோதெரபிஸ்டைக் கண்டுபிடித்து ஆறு முறை போனேன். பின்பக்க இடது மூட்டு அசையாமல் இறுகியிருப்பதாகவும், முன் மூட்டு அந்தச் சுமையையும் சேர்த்துச் சுமப்பதாகவும் சொன்னார். எட்டு ஆண்டுகள் இடது பக்கமாகவே ஏறி இறங்கியதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். புட்டத் தசைக்கும் அடிவயிற்றுக்கும் பயிற்சி தந்தார். வலி போய்விடவில்லை. ஆனால் இரவு புரள்வதற்குப் பயப்படுவதில்லை. முழங்கால் அளவு 38 சென்டிமீட்டர், கோப்பில் எழுதிவிட்டோம். மாமியார்தான் நாடாவைப் பிடித்தார்!

மூன்றுபிள்ளைத்தாய் | மார்ச் 20, இரவு 7.30

நல்லது கண்ணு. உன் மாமியாருக்கு என் வணக்கம். இந்த விவரமெல்லாம் எங்கள் காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

செம்பியின்தோழி | ஜூன் 8, காலை 11.20

ஏப்ரல் 24ஆம் தேதி பெண் குழந்தை. இயல்பான பிரசவம், பக்கவாட்டில் படுத்தபடி. முன்னாலேயே பேசியிருந்ததால் செவிலியர் இருவரும் அந்த அளவைக் கவனமாகப் பார்த்துக்கொண்டார்கள். பாதி வலி முதல் வாரத்திலேயே போய்விட்டது. மீதிப் பாதி நிற்கிறது, குறிப்பாகத் தரையிலிருந்து குழந்தையைத் தூக்கும்போது. ஆறு வாரம் முடிந்துவிட்டது. மருத்துவர் "எல்லாம் சரி" என்று சொல்லிவிட்டார். செம்பியிடம் போகலாமா?

இயன்முறை_மதுரை | ஜூன் 8, மதியம் 2.45

வாழ்த்துகள்! பார்க்கப் போங்கள், ஏற வேண்டாம். அந்தப் பரிசோதனை கருப்பை சுருங்கியதா, தையல் ஆறியதா என்று பார்ப்பதற்கானது. துள்ளும் குதிரையின் மேல் உட்காரலாம் என்ற சான்றிதழாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஓட்டத்துக்குத் திரும்பும் தாய்மாருக்காக பிரிட்டன் பிசியோதெரபிஸ்டுகள் 2019இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள். 12 வாரத்துக்கு முன் ஓட வேண்டாம் என்கிறது அது. சவாரிக்கும் நான் அதையே அளவுகோலாக வைக்கிறேன். நாள்கணக்கு மட்டும் போதாது, உடலும் தேற வேண்டும். அரை மணி நேரம் வலியில்லாமல் நடக்க முடிகிறதா? ஒவ்வொரு காலிலும் பத்து நொடி ஆடாமல் நிற்க முடிகிறதா? ஒற்றைக் காலில் பத்து முறை பாதி உட்கார்ந்து எழ முடிகிறதா? நின்ற இடத்தில் ஒரு நிமிடம் மெல்ல ஓடினால் சிறுநீர் கசியாமல், கீழே எதுவோ இறங்குவதுபோல் கனக்காமல் இருக்கிறதா? இவை தேறும் வரை சேணம் வேண்டாம். சிசேரியன் செய்துகொண்டவர்களுக்கும் இதே கணக்குத்தான், தழும்பும் தேறியிருக்க வேண்டும்.

சிறுநீரை அடக்கும்போது இறுகுமே, அந்த இடுப்புத்தளத் தசைக்கான பயிற்சியை இன்றே தொடங்குங்கள். மெதுவாக இறுக்கிப் பத்து நொடி வரை பிடிப்பது, வேகமாக இறுக்கி விடுவது, இரண்டும் தினம் மூன்று வேளை. விடுவதையும் முழுமையாக விடுங்கள். குதிரையேறுகிறவர்களுக்குத் தொடையும் இடுப்புத்தளமும் இறுகியே இருப்பதைப் பார்க்கிறேன். இறுக்கத்தைப் பலம் என்று எண்ணிவிடாதீர்கள்.

யாழ்_லெஸ்டர் | ஜூன் 9, அதிகாலை 2.30

தங்கச்சி, வாழ்த்துகள். நான் எப்படித் திரும்பினேன் என்று எழுதுகிறேன்.

ஏறுவதில்தான் முதல் கண்டம். தரையிலிருந்து அங்கவடியில் ஒரு காலை வைத்து முழு உடலையும் தூக்கி, மற்றக் காலை வீசிப் போடுவது இந்த மூட்டை முறுக்கும் அசைவு. உயரமான ஏறுமேடை வேண்டும். அங்கவடியில் பாரம் விழாத அளவுக்கு உயரம். எதிர்ப்பக்க அங்கவடியை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். இறங்கும்போதும் மேடைக்கே இறங்குங்கள், குதிக்காதீர்கள்.

அடுத்தது குதிரையின் அகலம். என்னிடம் இருந்தது பீப்பாய் மாதிரியான காப் வகைக் குதிரை. நல்ல மனசு, ஆனால் அவன் மேல் உட்கார்ந்ததும் தொடைகள் பிளக்கிற மாதிரி இருந்தன. நான்கு மாதம் தோழியின் ஒல்லியான குதிரையில் ஏறினேன். செம்பி பந்தயக் குதிரை என்கிறீர்கள். அந்த இனம் பொதுவாக ஒடுக்கம், உங்களுக்கு அது நல்வாய்ப்பு. ஆனால் சேணத்தின் நடுப்பகுதி தொடைக்கு அடியில் எவ்வளவு அகலம் என்று பாருங்கள்.

நடையிலேயே ஆறு வாரம் இருந்தேன். குதிரை நடக்கும்போது நம் இடுப்பு மேலும் கீழும், முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் அசைகிறது, கிட்டத்தட்ட நாம் நடக்கும்போது அசைவதுபோலவே. நரம்புப் பாதிப்புள்ள குழந்தைகளுக்குக் குதிரை மேல் சிகிச்சை தருவதும் இதை வைத்துத்தான். அந்த ஆறு வாரத்தில் என் இடுப்பு மறந்திருந்த எதையோ திரும்பக் கற்றது. டிராட் என்ற துள்ளுநடை கடினம். ஒவ்வொரு அடியிலும் குதிரை காற்றில் எழுந்து விழுகிறது, அந்த அதிர்ச்சி நேராக மூட்டுக்கு வரும். எழுந்து உட்காரும் டிராட்டில் ஒரு நிமிடம், பிறகு நடை. கேன்டர் என்ற மிதமான ஓட்டம் மென்மையாகத் தோன்றும், ஆனால் அதில் இடுப்பின் ஒரு பக்கம் எப்போதும் முன்னால் போகும். அதைக் கடைசியாக வைத்தேன், இரு பக்கமும் சமமாக.

ஒரு சவாரியின் கூலி மறுநாள் காலையில்தான் தெரியும். எழும்போது வலி கூடியிருந்தால் முந்தைய நாள் செய்தது அதிகம். நான் அதை ஒரு நோட்டில் எழுதி வந்தேன்.

இரவில் பால் கொடுக்கும்போது டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டலை அடிக்கடி நினைப்பேன். 1944இல் கர்ப்பமாக இருந்தபோது அவருக்குப் போலியோ வந்தது. மகள் நலமாகப் பிறந்தாள். முழங்காலுக்குக் கீழே அவருக்கு இயக்கம் திரும்பவேயில்லை. டிரெசாஜில் பெண்கள் முதன்முதலாக அனுமதிக்கப்பட்ட 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், ஜூபிலி என்ற பெண்குதிரையில் வெள்ளி வென்றார். அவரைக் குதிரையில் ஏற்றவும் இறக்கவும் ஆள் வேண்டியிருந்தது. ஏற உதவி கேட்க எனக்கு வெட்கமாக இருந்த நாட்களில் அந்தப் பெண்தான் நினைவுக்கு வருவார்.

பெங்களூரு_சவாரி | ஜூன் 9, காலை 9.15

நான் பிரசவமான எட்டாவது வாரமே ஏறினேன், பத்தாவது வாரம் சிறுநீர் கசிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. இங்கேதான் முதன்முதலாகச் சொல்கிறேன். 12 வாரம் என்பதை நம்புங்கள்.

இயன்முறை_மதுரை | ஜூன் 9, காலை 9.40

எழுதியதற்கு மிக்க நன்றி. அது சரிசெய்யக்கூடியது, இப்போதும் காலம் கடந்துவிடவில்லை. உங்கள் ஊரிலேயே ஒருவரைப் பாருங்கள்.

செம்பியின்தோழி | செப்டம்பர் 7, காலை 10.05

இருபதாவது வாரம் நடக்கிறது. ஜூலை நடுவில் 12 வாரம் முடிந்தபோது ஒற்றைக் காலில் ஆறு நொடிதான் நிற்க முடிந்தது, இடது பக்கம். காத்திருந்தேன். ஆகஸ்ட் கடைசியில் எல்லாம் தேறியது.

இன்று காலை ஆறரை மணி. லாயத்துப் பையன் இரண்டு மரப்பெட்டிகளை அடுக்கி மேடை செய்திருந்தான். பயிற்சியாளர் நீளக்கயிற்றைப் பிடித்துக்கொண்டார். இந்த முறை வலப்பக்கமிருந்து ஏறினேன். செம்பிக்கு அது புதிது, காதைத் திருப்பிப் பார்த்தாள், ஆனால் அசையவில்லை. உட்கார்ந்ததும் முன் மூட்டில் ஒரு சின்ன இழுப்பு, அவ்வளவுதான். பன்னிரண்டு நிமிடம் நடந்தோம், இடமாக ஆறு, வலமாக ஆறு. வேலிக்கு வெளியே மாமியார் மகளை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

பெட்டியின் மேலேயே இறங்கினேன். நோட்டு வாங்கியிருக்கிறேன். நாளைக் காலை எழுந்ததும் எழுதுகிறேன்.

செம்பியின்தோழி | செப்டம்பர் 8, காலை 5.50

வலி இல்லை.